டெவலப்பர் எதிரே உட்காரும்போது உங்கள் பக்கம் யார்? கோஹவுசிங் குழுக்களுக்கு ஒரு தொடக்க விளக்கம்

லண்டனின் வடக்கு ஓரத்தில் ஹை பார்னெட் என்று ஓர் இடம். அங்கே 25 ஃப்ளாட்டுகள் கொண்ட ஒரு குடியிருப்பு இருக்கிறது. பெயர் நியூ கிரவுண்ட். ஐம்பது வயதைத் தாண்டிய பெண்கள் மட்டும் வாழும் இடம் அது. முதியோர் இல்லம் என்று நினைத்துவிட வேண்டாம். ஆளுக்கொரு வீடு, எல்லாருக்கும் பொதுவாக ஒரு கூடம், சமையலறை, தோட்டம். நிர்வாகமும் அவர்களே. இப்படி வாழ்வதற்குக் கோஹவுசிங் என்று பெயர். 2016 டிசம்பரில் குடிபுகுந்தார்கள். முதல் பேச்சு நடந்தது 1998இல். நடுவில் பதினெட்டு வருடம் ஓடிப்போயிருந்தது.

இத்தனை காலம் குழு கலையாமல் இருந்ததற்கு அந்தப் பெண்களின் பிடிவாதம்தான் முதல் காரணம். அதற்கு அடுத்த இடத்தை நான் வேறொன்றுக்குக் கொடுப்பேன்: விஷயம் தெரிந்த ஒருவர் முதல் நாளிலிருந்தே அவர்கள் பக்கம் இருந்தார். மரியா பிரென்டன் என்ற ஆய்வாளர், நெதர்லாந்தில் வயதானவர்கள் சேர்ந்து வாழும் குடியிருப்புகளை நேரில் பார்த்துப் படித்தவர். அவர் நடத்திய ஒரு பட்டறையில்தான் இந்தக் குழுவே பிறந்தது. அப்புறமும் அவர் விலகிவிடவில்லை. ஆலோசகராக வருடக்கணக்கில் கூடவே நின்றார். நிலத்தை வாங்கிக் கட்டிக்கொடுத்தது ஹனோவர் என்ற வீட்டுவசதிச் சங்கம். 25 ஃப்ளாட்டில் 8 ஃப்ளாட் குறைந்த வாடகைக்கு; அவற்றைப் பார்த்துக்கொள்ள ஹவுசிங் ஃபார் விமன் என்ற இன்னொரு அமைப்பு. அந்த எட்டுக்குப் பண உதவி செய்தது டியூடர் டிரஸ்ட். இத்தனை தரப்பையும் ஒரே மேசைக்குக் கொண்டுவந்து, குழு கேட்டது கடைசி வரைக்கும் நிற்கும்படி பார்த்துக்கொள்வது, ஓய்வு நேரத்தில் செய்து முடிக்கிற வேலை இல்லை.

பத்து, இருபது, நாற்பது குடும்பங்கள் ஒரு டெவலப்பருடன் சேர்ந்து கட்டும்போது எந்தெந்தத் தொழில் தெரிந்தவர்களின் உதவி தேவை, எந்தக் கட்டத்தில் தேவை, உதவி செய்பவர் யாருக்குப் பொறுப்பானவர் என்பதை இங்கே பார்க்கலாம். இந்த மூன்றில் கடைசிக் கேள்வியைத்தான் குழுக்கள் கேட்க மறந்துவிடுகின்றன.

கோஹவுசிங் எங்கிருந்து வந்தது

சுருக்கமாகச் சொல்கிறேன். ஒவ்வொரு குடும்பத்துக்கும் முழுமையான சொந்த வீடு. அதோடு எல்லாரும் சேர்ந்து சமைக்க, சாப்பிட, துணி துவைக்க, விருந்தாளிகளைத் தங்கவைக்க ஒரு பொதுக்கூடம். வீடுகள் எப்படி அமைய வேண்டும் என்பதை வாழப் போகிறவர்களே முடிவுசெய்கிறார்கள். குடிவந்த பிறகு நிர்வாகத்தையும் அவர்களே செய்கிறார்கள். இதுதான் கோஹவுசிங்.

தொடக்கம் டென்மார்க்கில். 1964இல் யான் குட்மன்-ஹோயர் என்ற ஆர்க்கிடெக்ட் நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு கோபன்ஹேகன் அருகே நிலம் வாங்கினார். அக்கம்பக்கத்தாரின் எதிர்ப்பால் அந்த இடத்தைக் கைவிட வேண்டியதாயிற்று. அந்தச் சிந்தனை கட்டடமாகக் கண்ணில் பட 1972 ஆயிற்று; அந்த வருடம் சேட்டடாமன் என்ற குடியிருப்பு 27 வீடுகளோடு எழுந்தது. டென்மார்க் போய் இவற்றைப் பார்த்த கேத்ரின் மெக்கமன்ட், சார்லஸ் டரட் என்ற இரண்டு அமெரிக்க ஆர்க்கிடெக்டுகள் 1988இல் எழுதிய நூலில் இதற்குக் கோஹவுசிங் என்று பெயர் வைத்தார்கள். மூன்றே வருடத்தில், 1991இல், கலிபோர்னியாவின் டேவிஸ் நகரில் மியூர் காமன்ஸ் 26 வீடுகளோடு வந்துவிட்டது.

கவனியுங்கள், டென்மார்க்கில் இதை ஆரம்பித்தவரே ஆர்க்கிடெக்ட். அமெரிக்காவுக்குக் கொண்டுபோனவர்களும் ஆர்க்கிடெக்டுகள். ஆசையும் தொழிலறிவும் அங்கே ஒரே ஆளிடம் இருந்தன. இன்று குழு ஆரம்பிக்கிற பெரும்பாலானவர்கள் ஆசிரியர்கள், நர்சுகள், மென்பொருள்காரர்கள், ஓய்வுபெற்றவர்கள். அந்த அறிவை அவர்கள் வெளியிலிருந்துதான் கூட்டி வர வேண்டும்.

டெவலப்பர் எதற்கு

டெவலப்பர் இல்லாமலும் கட்டலாம். இங்கிலாந்தின் லங்காஸ்டர் கோஹவுசிங் குழு ஹால்டன் கிராமத்தில் 41 வீடுகளைத் தானே முன்நின்று கட்டியது. ஆனால் நிலம் வாங்கும் பணம், வங்கிக் கடன், அனுமதி, காண்டிராக்டர், நடுவில் விலைவாசி ஏறினால் வரும் நஷ்டம் என்று எல்லாம் குழுவின் தலையில் விழும். தங்கள் சேமிப்பு முழுவதையும் பல வருடம் பணயம் வைக்க எல்லாராலும் முடியாது. அங்கேதான் டெவலப்பர் வருகிறார். அவரிடம் முதல் இருக்கிறது, வங்கி அவரை நம்புகிறது, அனுமதி வாங்கும் வழி அவருக்குத் தெரியும், பெரிய ரிஸ்க்கை அவர் சுமக்கிறார்.

அதற்கு ஒரு விலை உண்டு. அது நியாயமான விலையும்கூட. இங்கிலாந்து அரசின் திட்டமிடல் வழிகாட்டுதல், ஒரு திட்டம் கட்டுபடியாகுமா என்று கணக்குப் போடும்போது வீடுகளின் மொத்த விற்பனை மதிப்பில் 15 முதல் 20 சதவீதம் வரை டெவலப்பரின் வருமானமாக வைக்கலாம் என்கிறது. அவர் ஏமாற்றுகிறார் என்று எடுத்த எடுப்பில் சந்தேகப்படும் குழு எந்த டெவலப்பருடனும் நிலைக்காது. அவர் எதைப் பார்ப்பார் என்று புரிந்துகொண்டால் போதும்: குறித்த நாளில் முடிய வேண்டும், பட்ஜெட்டைத் தாண்டக் கூடாது, வீடுகள் விற்றாக வேண்டும்.

குழு பார்ப்பது வேறு. ஐம்பது பேர் உட்கார்ந்து சாப்பிடும் கூடத்தில் பேச்சுச் சத்தம் எதிரொலிக்காமல் இருக்குமா? சமையலறை ஜன்னலிலிருந்து குழந்தைகள் விளையாடுவது தெரியுமா? காரை ஓரமாக நிறுத்திவிட்டு நடந்து வரும் வழியில் நாலு பேரைப் பார்க்க முடியுமா? டெவலப்பரின் கணக்குத் தாளில் இவற்றுக்கெல்லாம் தனி வரி கிடையாது. பட்ஜெட் இறுகும்போது முதலில் கத்தரி விழுவதும் இவற்றின் மேல்தான்.

இன்னொன்றையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பேச்சுவார்த்தைக்கு வரும் டெவலப்பருக்கு வக்கீல் இருக்கிறார், ஆர்க்கிடெக்ட் இருக்கிறார், செலவுக் கணக்காளர் இருக்கிறார். எல்லாரும் இதே தொழிலில் இருப்பவர்கள். எதிரே உட்கார்ந்திருக்கும் குழுவுக்கு இதுதான் முதல் தடவை, அநேகமாகக் கடைசித் தடவையும்.

கேட்பதை எழுதி வைத்த குழு

கேம்பிரிட்ஜ் நகரின் வடக்கே ஆர்ச்சர்ட் பார்க் என்ற புதுக் குடியிருப்புப் பகுதியில் கே1 என்று ஒரு மனைத்துண்டு நகர மன்றத்தின் கையில் இருந்தது. 2008இல் பொருளாதாரம் சரிந்தபோது அதில் வீடு கட்டும் யோசனை நின்றுபோய், மனை காலியாகக் கிடந்தது. அங்கே கோஹவுசிங் வரட்டும் என்று நகர மன்றம் முடிவெடுத்தது. இன்று அங்கே 42 வீடுகள் நிற்கின்றன. மார்மலேட் லேன் என்று பெயர். கட்டியது டவுன் என்ற டெவலப்பரும் டிரிவ்செல்ஹுஸ் என்ற சுவீடிஷ் வீடுகட்டும் நிறுவனமும். வடிவமைப்பு மோல் ஆர்க்கிடெக்ட்ஸ்.

இந்தத் திட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்தது வேலை நடந்த வரிசை. குழு முதலில் ஆலோசகர்களோடு உட்கார்ந்து, தனக்கு என்ன வேண்டும் என்பதை ஓர் ஆவணமாக எழுதியது. கட்டுமானத் தொழிலில் இதைப் ‘பிரீஃப்’ என்பார்கள். டெவலப்பர்கள் போட்டியிட அழைக்கப்பட்டது அதன் பிறகுதான். இந்த பிரீஃபுக்கு நீங்கள் என்ன பதில் சொல்கிறீர்கள் என்று அவர்களிடம் கேட்கப்பட்டது. தேர்ந்தெடுப்பதிலும் குழுவுக்குக் குரல் இருந்தது. 2015இல் டெவலப்பர் முடிவானார், 2018இன் கடைசியில் ஆட்கள் குடிவர ஆரம்பித்தார்கள். டெவலப்பர் முதலில் வந்து, அவருடைய பிளானில் குழு திருத்தம் கேட்பதற்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். முதல் வகையில் நீங்கள் கேட்பது ஒவ்வொன்றும் ‘எக்ஸ்ட்ரா’ ஆகிவிடும். இரண்டாவது வகையில் நீங்கள் எழுதியதுதான் அடிப்படை; அதிலிருந்து விலக வேண்டுமென்றால் டெவலப்பர்தான் காரணம் சொல்ல வேண்டும்.

அதனால் குழு கூலி கொடுத்து அமர்த்த வேண்டிய முதல் ஆள், பிரீஃப் எழுதத் தெரிந்தவர். அவரைத் திட்ட ஆலோசகர் என்று சொல்லலாம், திட்ட மேலாளர் என்றும் சொல்லலாம். பெயர் எதுவாக இருந்தாலும் வேலை ஒன்றுதான். குழுவின் ஆசைகளைக் கேட்டு, அவற்றை அளவாகவும் விலையாகவும் கால அட்டவணையாகவும் மாற்றித் தருவார். “பெரிய கூடம் வேண்டும்” என்பது ஆசை. “நாற்பது பேர் ஒரே நேரத்தில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும், கூரையிலும் சுவரிலும் சத்தம் உறிஞ்சும் பொருள் வேண்டும், சமையலறையில் மூன்று பேர் இடிக்காமல் நின்று வேலை செய்ய வேண்டும்” என்பது பிரீஃப். இரண்டாவதை ஒப்பந்தத்தில் சேர்க்கலாம். முதலாவதைச் சேர்த்தால் யார் எப்படி வேண்டுமானாலும் அர்த்தம் எடுத்துக்கொள்வார்கள்.

ஜெர்மனியில் ‘பாவ்குருப்பே’ எனப்படும் கட்டுமானக் குழுக்கள் இதற்கென்றே திட்ட மேலாளரை அமர்த்துவது சாதாரண வழக்கம். டூபிங்கன் நகரம் தன் மனைகளை அதிக விலை கேட்பவருக்கு விற்காமல், விலையை முன்பே நிர்ணயித்துவிட்டு நல்ல திட்டம் கொண்டுவரும் குழுவுக்குக் கொடுத்துப் பேர் வாங்கியது. அந்த முறையில் நன்றாக எழுதப்பட்ட திட்டம்தான் உங்கள் மூலதனம்.

வக்கீல் யாருடைய வக்கீல்

“எங்கள் வக்கீலே எல்லாருக்கும் பார்த்துக்கொள்வார், உங்களுக்குச் செலவு மிச்சம்.” டெவலப்பர் இப்படிச் சொன்னால், அதை நல்ல எண்ணத்தில் சொல்லியிருந்தாலும், நன்றி சொல்லிவிட்டு மறுத்துவிடுங்கள். ஒரே விஷயத்தில் நலன்கள் மோதும் இரு தரப்புக்கும் ஒரே வக்கீல் வாதாட முடியாது. இங்கிலாந்தில் வக்கீல்களின் நடத்தை விதியும் அப்படித்தான் சொல்கிறது. நம் ஊரில் நாலு நண்பர்கள் சேர்ந்து பில்டரிடம் நிலம் கொடுக்கும்போதும், பழைய அடுக்குமாடியை இடித்துக் கட்டக் கொடுக்கும்போதும், “எல்லாருக்கும் இதே டாக்குமென்ட்தான் சார்” என்று ஒரு கட்டுத்தாள் வரும். அந்தத் தாளை எழுதியவர் பில்டரின் வக்கீல். இந்தியாவின் 2016ஆம் வருடத்து ரியல் எஸ்டேட் சட்டம், வாங்குபவர்களின் பணத்தில் 70 சதவீதத்தைத் தனிக் கணக்கில் வைக்கச் சொல்கிறது, கட்டடக் குறைகளுக்கு 5 வருடப் பொறுப்பு வைக்கிறது. நல்ல பாதுகாப்புதான். ஆனால் உங்கள் ஒப்பந்தத்தின் ஒவ்வொரு வரியையும் உங்களுக்காகப் படிக்கும் ஆளாக எந்தச் சட்டமும் வந்து நிற்காது.

இதில் குழுக்கள் குழம்பும் இன்னொரு இடம் உண்டு. குழு பொதுவாக ஒரு கம்பெனியாகவோ சங்கமாகவோ பதிவுசெய்துகொள்ளும். இல்லாவிட்டால் கையெழுத்துப் போட்ட ஒவ்வொருவரும் மொத்தக் கடனுக்கும் தனிப்பட்ட முறையில் பொறுப்பாகிவிடும் ஆபத்து இருக்கிறது. குழுவின் வக்கீலுக்குக் கட்சிக்காரர் அந்தக் கம்பெனிதான். ஒரு குடும்பம் நடுவில் விலகி, கட்டிய பணத்தைத் திருப்பிக் கேட்டால், அந்த வக்கீல் கம்பெனியின் பக்கம்தான் பேசுவார். எனவே தன் வீட்டை வாங்கும் பத்திரத்துக்கு ஒவ்வொரு குடும்பமும் தனி வக்கீலை வைத்துக்கொள்ள வேண்டும். இரட்டைச் செலவு என்று தோன்றும். நட்பு கெடாமல் இருக்க இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியவில்லை.

சரி, குழுவின் வக்கீல் ஒப்பந்தத்தில் எதைப் பார்க்க வேண்டும்? விலையும் தேதியும் யார் சொல்லாவிட்டாலும் பார்ப்பார். கோஹவுசிங்குக்கு என்றே சில இடங்கள் இருக்கின்றன, அவற்றை நீங்கள்தான் நினைவூட்ட வேண்டும். டெவலப்பர் பாதியில் விலகினால் வரைபடங்கள் யாருக்குச் சொந்தம்? அவை அவரோடு போய்விட்டால் குழு பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். விற்காமல் மீதமிருக்கும் வீடுகளை யார் விற்பது, குழுவின் காத்திருப்போர் பட்டியலில் இருப்பவர்களுக்கு முதல் வாய்ப்பு எத்தனை மாதம்? அது எழுதப்படாவிட்டால், பொதுச் சாப்பாட்டில் கொஞ்சமும் ஆர்வமில்லாத முதலீட்டாளர் நாலு வீட்டை வாங்கி வாடகைக்கு விடலாம். பொதுக்கூடம் எந்தக் கட்டத்தில் முடிய வேண்டும்? கடைசியில் கட்டலாம் என்று விட்டால், பணம் தீரும் நேரத்தில் அது வெறும் சுவராக நிற்கும். வீடுகளோடு சேர்ந்தே அதுவும் முடிய வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். முன்பணம் எந்தக் கணக்கில் இருக்கும், எந்த நிலை வரை அதைத் திரும்பக் கேட்கலாம் என்பதும் எழுத்தில் வேண்டும்.

ஆர்க்கிடெக்ட் கைமாறும் கட்டம்

கோஹவுசிங்கில் ஆர்க்கிடெக்டின் வேலை பாதி வரைவது, பாதி கேட்பது. மெக்கமன்ட்டும் டரட்டும் பழக்கத்துக்குக் கொண்டுவந்த முறையில் முதலில் மனை முழுவதற்குமான பட்டறை, அப்புறம் பொதுக்கூடத்துக்கு, அதற்குப் பிறகுதான் தனி வீடுகளுக்கு. காரணம் எளிது. தன் வீட்டுச் சமையலறையில் ஆரம்பித்தால் ஒவ்வொருவரும் அங்கேயே தங்கிவிடுவார்கள், பொது இடத்துக்கு நேரமும் பணமும் மிஞ்சாது. நியூ கிரவுண்டில் பொலார்ட் தாமஸ் எட்வர்ட்ஸ் என்ற ஆர்க்கிடெக்ட் நிறுவனம் அந்தப் பெண்களோடு பட்டறைகளில் உட்கார்ந்துதான் வடிவத்துக்கு வந்தது. இப்படிக் கேட்டுச் செய்யும் பொறுமை எல்லா ஆர்க்கிடெக்டுக்கும் இருக்காது. “இதுவரை எத்தனை பேர் கொண்ட குழுவோடு வேலை செய்திருக்கிறீர்கள், அதில் யார் எதை மாற்றச் சொன்னார்கள், மாற்றினீர்களா?” என்று நேராகவே கேளுங்கள்.

பிரிட்டனில் நிறையத் திட்டங்கள் ‘டிசைன் அண்ட் பில்ட்’ முறையில் நடக்கின்றன. இந்த முறையில் பல சமயம், காண்டிராக்டர் வந்ததும் ஆர்க்கிடெக்டின் ஒப்பந்தமே அவர் பெயருக்கு மாற்றப்பட்டுவிடும். இதை நோவேஷன் என்கிறார்கள். நேற்று வரை உங்களோடு உட்கார்ந்து ஜன்னல் எங்கே வர வேண்டும் என்று பேசிய அதே ஆள், இன்று முதல் காண்டிராக்டரிடம் சம்பளம் வாங்குகிறார். அவர் மனம் மாறிவிட்டார் என்று சொல்ல வரவில்லை. ஒரு குறையைக் கண்டால் அவர் முதலில் சொல்ல வேண்டியது காண்டிராக்டரிடம். அந்த ஜன்னலை மலிவானதாக மாற்றலாமா என்று கேட்டால் காண்டிராக்டருக்காகத்தான் பதில் வரைவார். நிறையக் குழுக்களுக்கு இப்படி ஒன்று நடக்கும் என்பதே தெரியாது. பழைய புன்னகையும் பழைய மின்னஞ்சல் முகவரியும் அப்படியே இருக்க, பொறுப்பு மட்டும் இடம் மாறியிருக்கும்.

டெவலப்பரே ஆர்க்கிடெக்டுக்குப் பணம் கொடுக்கும் திட்டத்தில் இந்த நிலைமை முதல் நாளிலிருந்தே இருக்கிறது. அதில் தப்பு ஒன்றும் இல்லை, பெரும்பாலும் அப்படித்தான் நடக்கும். ஆனால் குழு தன் திட்ட ஆலோசகரைக் கட்டி முடியும் வரை விடாமல் வைத்திருக்க வேண்டும். மாற்றங்கள் வரும்போது வரைபடத்தைப் பிரீஃபோடு ஒப்பிட்டு, “இதை நீங்கள் கேட்கவில்லை, அது காணாமல் போயிருக்கிறது” என்று சொல்ல ஒருவர் வேண்டுமே.

செலவைப் பார்க்கும் ஆள்

கட்டுமானத்தில் கியூ.எஸ். (குவான்டிட்டி சர்வேயர்) என்று ஒருவர் உண்டு. வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ கட்டட வேலை பார்த்தவர்கள் வீட்டில் இருந்தால் இந்தப் பெயரைக் கேட்டிருப்பீர்கள். அளவெடுத்து, பொருளையும் கூலியையும் கணக்கிட்டு, ஒரு கட்டடத்துக்கு எவ்வளவு ஆகும் என்று சொல்பவர். டெவலப்பரிடம் நிச்சயம் ஒரு கியூ.எஸ். இருப்பார். குழு தன் செலவில் ஒருவரை, சில நாட்களுக்காவது, வைத்துக்கொள்வது நல்லது.

எதற்கென்றால், செலவு ஏறும்போது டெவலப்பரிடமிருந்து ஒரு பட்டியல் வரும். ‘வேல்யூ இன்ஜினியரிங்’ என்று அதற்கு அழகான பெயர். நடைமுறையில் பல சமயம் அது வெட்டுப் பட்டியல்: விருந்தாளி அறையை எடுத்துவிடலாம், சன்னலில் மூன்று அடுக்குக் கண்ணாடியை இரண்டு அடுக்காக்கலாம், கூடத்தின் உயரத்தைக் குறைக்கலாம். எதிரே இருக்கும் குழுவுக்கு இரண்டே வழிதான் தெரியும், ஒத்துக்கொள்வது அல்லது சண்டை போடுவது. கியூ.எஸ். பக்கத்தில் இருந்தால் மூன்றாவது வழி திறக்கும். விருந்தாளி அறையை எடுப்பதால் மிச்சமாகும் அதே தொகையை, முப்பது வீடுகளுக்கும் ஒரே அளவுக் குளியலறை வைத்து மிச்சப்படுத்தலாம் என்று அவர் காட்டுவார். மலிவான சன்னலைப் போட்டால் இருபது வருடச் சூடாக்கும் செலவில் எவ்வளவு கூடும் என்றும் சொல்வார். கட்டி விற்றுவிட்டுப் போகிறவருக்கு அந்த இருபது வருடக் கணக்கு முக்கியமில்லை. அந்த பில் உங்கள் வீட்டுக்குத்தான் வரும்.

டெவலப்பருடன் ‘ஓப்பன் புக்’ முறைக்கு, அதாவது உண்மையான செலவுக் கணக்கை இரு தரப்பும் பார்க்கலாம் என்ற ஏற்பாட்டுக்கு, ஒப்பந்தம் போட முடிந்தால் போட்டுவிடுங்கள். உங்கள் கையிலும் ஒரு துருப்புச்சீட்டு இருக்கிறது. குழு என்பது ஆயத்தமாகக் காத்திருக்கும் வாங்குபவர்களின் கூட்டம். விளம்பரச் செலவும், வீடு விற்காமல் கிடக்கும் பயமும் டெவலப்பருக்கு அந்த அளவுக்குக் குறைகிறது. அதற்குப் பதிலாகக் கணக்கைக் காட்டச் சொல்வது அதிகம் இல்லை. ஆனால் திறந்த புத்தகத்தைப் படிக்கத் தெரிந்த ஆள் பக்கத்தில் இல்லாவிட்டால் அது திறந்திருந்தும் பயனில்லை.

கூட்டத்தை நடத்தித் தருபவர்

இது கட்டுமானத்தோடு சம்பந்தமில்லாத உதவி போலத் தெரியும். என் பார்வையில் வக்கீலுக்கு அடுத்த இடம் இவருக்குத்தான். முப்பது குடும்பம் ஒரே கருத்துக்கு வர வேண்டும்; வந்த பிறகு அடுத்த மாதம் அதை மாற்றாமல் இருக்க வேண்டும். டெவலப்பர் பயப்படுவதே இந்தக் குழப்பத்துக்குத்தான். திங்கட்கிழமை ஒருவர் போன் செய்து ஒன்று சொல்வார், புதன்கிழமை இன்னொருவர் நேர்மாறாகச் சொல்வார். இப்படி இரண்டு மூன்று முறை நடந்தால், கேட்பதையே நிறுத்திவிட்டு டெவலப்பர் தன் இஷ்டத்துக்குக் கட்ட ஆரம்பிப்பார்.

அதனால் பயிற்சி பெற்ற ஒருங்கிணைப்பாளர் ஒருவரை முக்கியக் கூட்டங்களுக்காவது கூப்பிடுங்கள். அவர் குழு உறுப்பினராக இருக்கக் கூடாது, வீடு வாங்கப் போகிறவராகவும் இருக்கக் கூடாது. சத்தமாகப் பேசுபவரின் கருத்து குழுவின் கருத்தாகிவிடாமல் பார்த்துக்கொள்வதும், எடுத்த முடிவைத் தேதி போட்டு எழுதுவதும், எந்த முடிவு இனி மாறாது என்று எல்லாரையும் ஒப்புக்கொள்ள வைப்பதும் அவர் வேலை. குழுவின் சார்பில் டெவலப்பரிடம் பேச ஒருவர் அல்லது இருவர் மட்டும். அவர்கள் எதுவரை தாமாகவே சம்மதிக்கலாம், எதற்குக் குழுவிடம் திரும்பி வர வேண்டும் என்பதையும் முன்கூட்டியே எழுதிவிடுங்கள்.

பணம்

ஆலோசகர்களுக்கு எங்கிருந்து கொடுப்பது? கட்டடக் கடன் இந்தக் கட்டத்தில் வராது, ஏனென்றால் இன்னும் கட்டடமே இல்லை. உறுப்பினர்கள் கையிலிருந்துதான் போட வேண்டும். ஒரு பேச்சுக்கு, இருபது குடும்பம் ஆளுக்கு 1,500 பவுண்டு போட்டால் 30,000 சேரும். திட்டம் நடக்காமல் போனால் இந்தப் பணம் திரும்ப வராது, அதைச் சேரும்போதே ஒவ்வொருவருக்கும் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இந்தத் தொகையைப் போடத் தயங்குபவர்கள் தப்பானவர்கள் கிடையாது. ஆனால் யார் உண்மையில் வரப் போகிறார்கள் என்பது இந்த இடத்தில் தெரிந்துவிடும். இங்கிலாந்தில் 2016இல் அரசு அறிவித்த சமுதாய வீட்டு நிதி போன்ற மானியங்கள் வந்து போகும். அப்படி ஒன்று திறந்திருந்தால் விடக் கூடாது, அதை நம்பியே உட்கார்ந்திருக்கவும் கூடாது.

கூலி கொடுக்கும் முறையிலும் கவனம் வேண்டும். சில ஆலோசகர்கள் “இப்போது ஒன்றும் வேண்டாம், திட்டம் நடந்தால் டெவலப்பர் கொடுப்பார்” என்பார்கள். கையில் பணமில்லாத குழுவுக்கு இனிப்பாக இருக்கும். ஆனால் அந்த ஆளுக்குத் திட்டம் எப்படியாவது நடந்தாக வேண்டும். “இந்த ஒப்பந்தம் வேண்டாம், எழுந்து போய்விடலாம்” என்று சொல்ல வேண்டிய நாளில் அவரால் சொல்ல முடியாது. கொஞ்ச மணி நேரமானாலும் குழுவின் கையிலிருந்தே கொடுங்கள். டெவலப்பர்தான் கொடுக்க வேண்டும் என்ற நிலை வந்தால், பணம் அவருடையதாக இருக்கட்டும், ஆனால் நியமிப்பதும் நீக்குவதும் குழுவின் கையில் என்று எழுதி வாங்குங்கள்.

வரி, பதிவு, காப்பீடு இவற்றுக்கு அந்தந்த நாட்டுச் சட்டம் தெரிந்த கணக்காளரிடம் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் போதும். கம்பெனி பதிவு செய்யும் முன்பே உட்கார வேண்டும், அவ்வளவுதான்.

சாவி வாங்கும் முன்

கட்டி முடிந்த மகிழ்ச்சியில் குழுக்கள் கைவிடும் ஆலோசகர் ஒருவர் இருக்கிறார்: வேலைத்தளத்தைப் பார்வையிடுபவர். பிரிட்டனில் ‘கிளார்க் ஆஃப் ஒர்க்ஸ்’ என்பார்கள். சுவர் மூடப்படும் முன்பு உள்ளே இன்சுலேஷன் இடைவெளியில்லாமல் இருக்கிறதா, கூடத்தின் தரைக்கடியில் போன குழாய் பிளானில் காட்டிய இடத்தில்தான் இருக்கிறதா என்று நேரில் பார்த்துப் படம் எடுத்து வைப்பவர். மூடிய பிறகு வந்து பயனில்லை, வேலை நடக்கும்போதே வாரத்துக்கு ஒருமுறையாவது வர வேண்டும்.

இங்கிலாந்தில் புது வீட்டுக்கு வழக்கமாக வரும், என்.எச்.பி.சி. என்ற அமைப்பு தரும் உத்தரவாதம் 10 வருடம். அதில் முதல் 2 வருடம் கட்டியவரே குறைகளைச் சரிசெய்ய வேண்டும். மீதி 8 வருடம் பெரும்பாலும் கட்டமைப்புக் குறைகளுக்கான காப்பீடு மட்டும். அதனால் அந்த இரண்டு வருடம் முடிவதற்குச் சில மாதம் முன்பு அதே பார்வையாளரை மறுபடியும் கூப்பிட்டு, வீடு வீடாகவும் பொதுக்கூடம் முழுவதும் நடந்து ஒரே பட்டியலாகப் போட்டு அனுப்புங்கள். தன் வீட்டுக் கதவு சரியாக மூடவில்லை என்று ஒவ்வொருவரும் தனித்தனியாக எழுதுவார்கள். பொதுக்கூடத்தின் கூரை ஒழுகுவதைப் பற்றி எழுத யாருக்கும் தனியாகத் தோன்றாது. அதை எழுதும் பொறுப்புக்கு ஒருவர் பெயரை இப்போதே குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.